அலுவலகம் தங்கியது, அவை கலைந்தது

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி ஆகிய மூன்று அடுக்குகளின் ஐந்தாண்டுப் பதவிக்காலமும் 2026 அக்டோபரில் நிறைவடைகிறது. மாநிலத்தின் 27 மாவட்டங்களில் அது 2025 ஜனவரியிலேயே முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போய்விட்டது. ஒரே மாநிலத்தில் இரண்டு நாட்காட்டிகள் ஏன் என்று கேட்டால் பலருக்கு விடை தெரிவதில்லை. விடை 2019-இல் நடந்த மாவட்டப் பிரிவினையில் இருக்கிறது. அந்தப் பிரிவினையின் உண்மையான விலையைக் கணக்கிட, திருநெல்வேலிச் சீமை பலமுறை வெட்டப்பட்ட வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

மாவட்டம் என்பது மக்களுக்காகப் பிறந்த அலகு அன்று. வரி வசூலுக்காகப் பிறந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1790-இல் திருநெல்வேலி மாவட்டத்தை அமைத்தபோது அதன் நோக்கம் பாளையக்காரர்களிடமிருந்து வரவேண்டிய கிஸ்திதான். 1798 செப்டம்பரில் கட்டபொம்மனை இராமநாதபுரத்துக்கு வரவழைத்து ஜாக்சன் நடத்திய விசாரணையும் வரிப் பாக்கியைப் பற்றியதே. 1801-இல் ஆற்காட்டு நவாபுடனான ஒப்பந்தத்தின் மூலம் கர்நாடகத்தின் முழு நிர்வாகமும் கம்பெனியிடம் வந்த பிறகு, கலெக்டர் என்ற வசூல்காரர் நிரந்தர அதிகாரியானார். அந்தச் சொல்லுக்கு நேர்ப் பொருள் ‘வசூலிப்பவர்’ என்பதுதான். அதை ‘ஆட்சியர்’ என்று நாம் தமிழாக்கிக்கொண்டது நம்முடைய பெருந்தன்மை.

அன்றைய திருநெல்வேலி மிகப் பெரிது. ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் அதில் அடங்கியிருந்தன. 1910-இல் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பகுதிகளை எடுத்து இராமநாதபுரம் மாவட்டம் உருவாக்கப்பட்டபோது அந்த வடக்குப் பகுதி போயிற்று. அடுத்த ஆண்டு ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதனின் ஊரான செங்கோட்டை அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இல்லை என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். அது திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு உட்பட்ட ஊர். மொழிவழி மாநிலச் சீரமைப்பில் 1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை நம் மாவட்டத்துக்கு வந்தது.

பிறகு 1986 அக்டோபர் 20 அன்று கிழக்குப் பகுதி சிதம்பரனார் மாவட்டமாகப் பிரிந்தது. எஞ்சியது நெல்லைக் கட்டபொம்மன் மாவட்டமாயிற்று. 1997-இல் மாவட்டங்களுக்குச் சூட்டப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டதும் தூத்துக்குடி, திருநெல்வேலி என்ற ஊர்ப்பெயர்களே மாவட்டப் பெயர்களாயின. கடைசியாக, 2019 ஜூலையில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டு, நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் 30.77 லட்சம் மக்களைக் கொண்டிருந்த மாவட்டம் ஏறத்தாழ இரு பாதிகளானது.

பிரிவினையை நான் எதிர்க்கவில்லை. சிவகிரியிலிருந்தோ திருவேங்கடத்திலிருந்தோ ஒரு மனுவைக் கையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமைதோறும் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து காத்திருந்தவர்களின் சிரமம் பொய்யன்று. ஒரு நாள் கூலி, பேருந்துக் கட்டணம், மதியச் சாப்பாடு என்று ஒரு கையெழுத்துக்கு அவர்கள் கொடுத்த விலையைப் பொருளாதாரம் படித்தவன் அலட்சியம் செய்ய முடியாது. சங்கரன்கோவில் பகுதியினருக்குத் தென்காசியும் மனநிறைவு தரவில்லை என்பது வேறு கதை. ஆனால் அலுவலகம் அருகில் வருவதும் அதிகாரம் அருகில் வருவதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை உணர, மாவட்ட எல்லைகளின் வரலாற்றோடு கூடவே ஓடிய இன்னொரு வரலாற்றையும் படிக்க வேண்டும். அது தேர்ந்தெடுக்கப்பட்ட அவைகளின் வரலாறு.

ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொடர்ந்து, 1884-இல் சென்னை மாகாண உள்ளாட்சி வாரியச் சட்டம் வந்தது. மேலே ஜில்லா போர்டு, நடுவில் தாலுகா போர்டு, கீழே சிற்றூர்களின் யூனியன் பஞ்சாயத்து என மூன்று அடுக்குகள். தொடக்கத்தில் ஜில்லா போர்டின் தலைவர் கலெக்டரே. உறுப்பினர்களில் பலர் நியமனம் பெற்றவர்கள். வாக்குரிமை சொத்துள்ள சிலருக்கு மட்டும். அதைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் போர்டுகளிடம் சொந்தப் பணம் இருந்தது. நிலவரியோடு சேர்த்து வசூலிக்கப்பட்ட நிலத் தீர்வை மேல்வரியும் சாலைச் சுங்கமும் அவற்றுக்கு வந்தன. பள்ளி, மருந்தகம், சாலை, சத்திரம் எல்லாம் அவற்றின் பொறுப்பு.

எவ்வளவு பணம் இருந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயில் பாதை ஜில்லா போர்டின் பாதையாக 1923-இல் திறக்கப்பட்டது. அதை இயக்கும் வேலையைத் தென்னிந்திய ரயில்வே பார்த்தது. தஞ்சை ஜில்லா போர்டு அதற்கும் முன்பே ரயில் பாதை அமைத்திருந்தது. ஓர் உள்ளாட்சி அமைப்பு தன் மக்களிடம் மேல்வரி வாங்கி ரயில் விட்ட ஊர் இது. இன்றைய மாவட்ட ஊராட்சிக்கு ஒரு பேருந்து நிழற்குடை கட்டக்கூடச் சொந்த வரி கிடையாது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சிக்கு வீட்டுவரி முதலியவற்றை விதிக்கும் உரிமையைத் தந்தது. மாவட்ட ஊராட்சிக்கு அப்படி எதையும் தரவில்லை.

முதலில் போனது நடு அடுக்கு. நீதிக்கட்சி ஆட்சியில், 1934-இல், தாலுகா போர்டுகள் ஒழிக்கப்பட்டன. சிக்கனம் என்ற காரணம் சொல்லப்பட்டது. அரசியல் கணக்குகளும் இருந்தன. அடுத்தது மேல் அடுக்கு. 1958-ஆம் ஆண்டு சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்தின் வழியே ஊராட்சி ஒன்றியங்கள் உருவாயின. ஜில்லா போர்டுகள் மறைந்தன. அவற்றின் இடத்தில் வந்த மாவட்ட வளர்ச்சி மன்றத்துக்குத் தலைவர் மீண்டும் ஆட்சியரே; அதன் வேலை ஆலோசனை சொல்வது. எஞ்சிய ஊராட்சிகளும் ஒன்றியங்களும் 1970-இல் தேர்தலைக் கண்டபின், அடுத்த தேர்தலைப் பார்த்தது 1986-இல். 73-ஆவது அரசமைப்புத் திருத்தத்துக்குப் பிறகுதான் 1996 முதல் ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல் என்ற ஒழுங்கு ஏற்பட்டது. அதுவும் 2011 தேர்தலோடு நின்றது.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். தாலுகா போர்டு போயிற்று. தாலுகா அலுவலகம் போகவில்லை, வட்டாட்சியர் இருக்கிறார். ஜில்லா போர்டு போயிற்று. ஆட்சியர் அலுவலகம் இன்னும் பெரிதாக வளர்ந்தது.

இது உலகெங்கும் இப்படித்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டியதில்லை. நம் தாலுகாவுக்கு ஓரளவு ஒப்பான ஓர் அலகு ஜப்பானில் இருந்தது. அதற்குக் ‘குன்’ என்று பெயர். மிகப் பழைய காலத்துப் பெயரான அதை மெய்ஜி அரசு 1878-இல் புதிய நிர்வாக அலகாக்கியது. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதற்கென ஓர் அவையும் வந்தது. மாகாணத்துக்கும் சிற்றூருக்கும் நடுவே இப்படி ஓர் அடுக்கு தேவையில்லை என்று பின்னர் முடிவெடுத்தார்கள். 1923-இல் குன்னின் தன்னாட்சி ஒழிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1926-இல், குன் அதிகாரியும் அவருடைய அலுவலகமும் சேர்த்து ஒழிக்கப்பட்டன. இன்று ஜப்பானியக் கிராமப்புறத்தில் ஒருவர் தம் முகவரியில் குன்னின் பெயரை எழுதுகிறார். அந்தப் பெயரில் எந்த அதிகாரியும் இல்லை. அவை போனால் அலுவலகமும் போக வேண்டும் என்ற அந்தத் தருக்கம் நமக்கு விசித்திரமாகத் தோன்றுகிறது.

ஜப்பானின் வழி இழப்பில்லாத வழி அன்று. கீழே இருந்த நகராட்சி, ஊர், சிற்றூர் அமைப்புகளை மூன்று அலைகளாக இணைத்தார்கள். 1888-இல் 71 ஆயிரத்துக்கும் மேல் இருந்த ஊர்கள் மறு ஆண்டே 16 ஆயிரத்துக்கும் கீழே வந்தன. கடைசி அலையில், 1999-இல் 3,232 ஆக இருந்த உள்ளாட்சிகள் 2010-இல் 1,727 ஆயின. ஒரு குன்னில் இருந்த எல்லா ஊர்களும் பக்கத்து நகரத்தோடு இணைந்துவிட்டால் அந்தக் குன்னின் பெயரும் அன்றோடு மறையும். நூறு ஆண்டுப் பெயர்கள் பல அப்படி மறைந்தன. தொலைவில் உள்ள மலையூர்களின் குரல் பெரிய நகரின் அவையில் கேட்பதில்லை என்ற குறை அங்கே இன்றும் பேசப்படுகிறது. பாளையங்கோட்டைக்காரனான எனக்கு இது புரிகிறது. எங்கள் நகராட்சி, மேலப்பாளையம், தச்சநல்லூர் ஆகியவற்றோடு சேர்ந்து 1994-இல் திருநெல்வேலி மாநகராட்சிக்குள் கரைந்தது. மாநகராட்சிகளைச் சுற்றியுள்ள ஊராட்சிகளை அவற்றோடு இணைக்கும் முயற்சி மாநிலமெங்கும் மறுபடியும் நடக்கும் இந்நாளில், அவ்வூர் மக்கள் வீட்டுவரி உயர்வையும் ஊரக வேலைத் திட்டம் கைவிட்டுப் போவதையும் எண்ணி அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் ஜப்பானில் எஞ்சிய ஒவ்வோர் அமைப்பும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் உண்டு, வரி உண்டு, வரவு செலவுத் திட்டம் உண்டு.

இனி 2019-க்கு வருவோம். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தலை, அறிவிப்பில் இருந்த குறைகளால் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அம்மாதமே பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தனர். வழக்குகளும் வார்டு மறுவரையறையும் இழுத்துக்கொண்டே போய், 2019 டிசம்பரில் ஒருவழியாகத் தேர்தல் நெருங்கியது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் தென்காசி உள்ளிட்ட புதிய மாவட்டங்கள் தொடங்கப்பட்டிருந்தன. புதிதாகப் பிறந்த மாவட்டங்களும் அவற்றின் தாய் மாவட்டங்களுமாக ஒன்பது மாவட்டங்களில் வார்டுகளை மறுவரையறை செய்த பின்னரே ஊரகத் தேர்தல் நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பர் 6 அன்று உத்தரவிட்டது. நான்கு மாத அவகாசம் தந்தது. மற்ற 27 மாவட்டங்களில் டிசம்பர் 27, 30 தேதிகளில் வாக்குப்பதிவு நடந்தது. நம் ஒன்பதில் நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். நான்கு மாதம் இருபத்திரண்டு மாதமானது. கொரோனா ஒரு காரணம். அது மட்டுமே காரணம் அன்று.

ஆகவே திருநெல்வேலியிலும் தென்காசியிலும் 2016 அக்டோபர் முதல் 2021 அக்டோபர் வரை, ஐந்து முழு ஆண்டுகள், ஒரு ஊராட்சிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. பதவிக்காலம் முடியுமுன் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்பின் 243-இ பிரிவு தெளிவாகச் சொல்லும் நாட்டில், ஒரு முழுப் பதவிக்காலம் காணாமற்போயிற்று. பழைய மாவட்டத்தில் 19 ஒன்றியங்களும் 425 கிராம ஊராட்சிகளும் இருந்தன. அதாவது சராசரியாக ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் 22 ஊராட்சிகளுக்குத் தலைவராக இருந்தார். ஒன்றிய நிதி ஆணையத்தின் மானியத்தைப் பெறத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இருக்க வேண்டும் என்பதால், அக்காலத்தில் தமிழ்நாட்டுக்குரிய தொகையில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. குழாய் பழுதானால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவித்த ஊர்களுக்கு நிதி ஆணையம் என்ற பெயர் தெரிந்திருக்காது, விளைவு தெரிந்திருக்கும்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது ஓர் எளிய கூட்டல் கணக்கு. பிரிவினைக்குப் பின் திருநெல்வேலியில் 9 ஒன்றியங்கள், தென்காசியில் 10. மொத்தம் அதே 19. கிராம ஊராட்சிகள் 204, 221; மொத்தம் அதே 425. புதிய மாவட்டக் கோடு ஓர் ஒன்றியத்தையோ ஊராட்சியையோ இரண்டாக வெட்டவில்லை. மாறவேண்டியிருந்தது மேல் அடுக்கான மாவட்ட ஊராட்சியின் வார்டுகள் மட்டுமே. கைவிரல்களால் எண்ணிவிடக்கூடிய அந்த ஒரு சில வார்டுகளுக்காக, வார்டு உறுப்பினர் முதல் ஒன்றியக் குழு வரை ஆயிரக்கணக்கான இடங்கள் கூடுதலாக இருபத்திரண்டு மாதம் காலியாகக் கிடந்தன. நீதிமன்றத்தை நான் குறை சொல்லவில்லை. அதன்முன் வைக்கப்பட்ட நிலைமை அப்படி. தேர்தல் வாசலில் நிற்கும்போது மாவட்டத்தைப் பிரித்த காலத் தேர்வுதான் கேள்விக்குரியது.

ஆற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவை முழுக்கத் தமிழ்நாட்டுக்குள்ளேயே கடக்கும் ஆறு. 1986-க்கு முன் அது பிறப்பு முதல் கடல் வரை ஒரே மாவட்டத்தின் ஆறு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள், பதினொரு கால்வாய்கள், 86 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம். முதல் ஆறு அணைக்கட்டுகள் இன்று திருநெல்வேலியில். கடைசி இரண்டு தூத்துக்குடியில். 2019-க்குப் பின் இதில் மூன்றாவது மாவட்டமும் சேர்ந்தது. கடனா, ராமநதி அணைகள் தென்காசியில் உள்ளன. கடனா நதி திருப்புடைமருதூரில் வந்து தாமிரபரணியில் கலக்கிறது. குற்றாலத்துச் சிற்றாறு சீவலப்பேரியில் கலக்கிறது. அங்கே திறக்கும் மதகின் நீர் இங்கே வருகிறது. இங்கே அடைத்தால் ஸ்ரீவைகுண்டத்தில் நாற்று வாடுகிறது.

ஜூன் மாதம் கார் சாகுபடிக்குப் பாபநாசத்தைத் திறப்பதா, இருக்கும் நீரைப் பிசானத்துக்காகத் தேக்கி வைப்பதா? தூத்துக்குடியின் ஆலைகளுக்கு எவ்வளவு, கடைமடை நஞ்சைக்கு எவ்வளவு? இவை ஆண்டுதோறும் எழும் கேள்விகள். அரசமைப்பின் 243-இசட்-டி பிரிவு ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு திட்டக் குழுவை அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினராவது உள்ளாட்சிப் பிரதிநிதிகளால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் இடையிலான நீர்ப் பகிர்வை அது கருத்தில் கொள்ள வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. ஆனால் அந்தக் குழுவின் பார்வை மாவட்ட எல்லையோடு முடிந்துவிடுகிறது. அம்பாசமுத்திரத்து விவசாயியும் கடையத்து விவசாயியும் ஏரல் விவசாயியும் வாக்களித்து ஒரே மேசையில் உட்காரும் அவை எதுவும் இல்லை. அவர்கள் சார்பில் மூன்று ஆட்சியர்களும் பொறியாளர்களும் பேசிக்கொள்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் நின்றதே, அந்தப் பாதைதான் ஜில்லா போர்டு போட்ட பாதை.

இங்கும் ஜப்பானில் ஒரு பாடம் உண்டு. குன்களை ஒழித்து ஊர்களை இணைத்தவர்கள், வாய்க்கால் நீரை நகராட்சி எல்லைகளுக்குள் அடைக்கவில்லை. 1949-ஆம் ஆண்டு நில மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், பாசனப் பரப்பையே எல்லையாகக் கொண்ட விவசாயிகளின் சங்கங்கள் இயங்குகின்றன. அவை ஊர் எல்லைகளைத் தாண்டி நிற்பவை, உறுப்பினர் கட்டணம் வாங்குபவை, மதகுகளைப் பராமரிப்பவை. ஊர்கள் இணைந்தபோதும் பெயர்கள் மறைந்தபோதும் வாய்க்காலின் அமைப்பு குலையவில்லை. நம்மிடம் பெருநகரங்களுக்கு மாவட்டம் கடந்த திட்டக் குழு அமைக்க அரசமைப்பிலேயே 243-இசட்-இ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆற்றுப் படுகைக்கு அப்படி ஒன்றை மாநிலச் சட்டத்தால் அமைப்பதற்குத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. மூன்று மாவட்ட ஊராட்சிகளும், கரையோர நகராட்சிகளும், கால்வாய்ச் சங்கங்களும் உறுப்பினர்களை அனுப்பும் ஒரு தாமிரபரணிப் படுகை அவை, அணை திறப்பைப் பற்றியாவது வாக்கெடுத்துத் தன் கருத்தைப் பதிவு செய்யட்டும்.

மாவட்டப் பிரிவினைக்கும் ஒரு விதி வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தை அரசு என்று வேண்டுமானாலும் பிரிக்கட்டும். மாவட்ட ஊராட்சியின் பிரிவினை மட்டும் அடுத்த பொதுத் தேர்தலோடு நடைமுறைக்கு வரட்டும். வார்டு மறுவரையறை முடியாத நிலையில், பழைய வார்டுகளின்படியே தேர்தல் நடக்கும் என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் உட்பிரிவைச் சேர்க்கலாம்.

இவற்றுக்கெல்லாம் நாளாகலாம். 2026 அக்டோபர் காத்திருக்காது. தென்காசி ஒரு தனி மாவட்டமாக முதன்முறை எண்ணப்படப் போவது 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான். கணக்கெடுப்பு வரட்டும், அதன் பின் மறுவரையறை, அதன் பின் தேர்தல் என்று ஒரு வாதம் எழக்கூடும். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கும். 2019-இல் சொல்லப்பட்ட நான்கு மாதமும் அப்படித்தான் இருந்தது. வார்டுகளின் இடஒதுக்கீட்டுச் சுழற்சியையும் வாக்காளர் பட்டியலையும் எந்தத் தேதிக்குள் வெளியிடப் போகிறது என்று மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் இரு மாவட்டங்களின் 425 ஊராட்சிகளும் கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கேட்கலாம். தீர்மானம் போட, கையெழுத்திட, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் அக்டோபர் வரை இருக்கிறார்கள்.